என் காலுறை இழுப்பறை பாடிய சனிக்கிழமை

இதுவரை உலகத்தில் யாரும் இசையைக் கேட்டதே இல்லை.

கேட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். உண்மையில் அவர்கள் கேட்டது எண்ணிக்கையை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, மறுபடியும் ஒன்று. கடைக்காரர் முட்டை எண்ணுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. முட்டையாவது எண்ணி முடிந்ததும் வீட்டுக்கு வரும்.

இந்த உண்மையைக் கண்டுபிடித்தவன் என் மாமா பையன். கண்டுபிடித்த நேரத்தில் அவன் எங்கள் அறையின் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு கையில் வயர்களைப் பற்றவைக்கிற, புகைவிடும் சாலிடர் இரும்பு, வாயில் சாலிடர் கம்பி.

"கம்பியை வாயிலேர்ந்து எடு. ஈயம்" என்றாள் அம்மா, துணிக்கூடையோடு கதவருகே நின்று.

"அத்தை, இங்க வரலாறு நடந்துட்டு இருக்கு."

"நடக்கட்டும். வாய்க்கு வெளியில நடக்கட்டும்."

குடும்பத்தில் அவனுக்கு வோல்ட்டு என்று பெயர். ஐந்து வயதில் பிளக் ஓட்டைக்குள் வீட்டுச் சாவியை விட்டுத் திருப்பிப் பார்த்தவன். கதவு திறக்கவில்லை, பெயர் மட்டும் கிடைத்தது. கல்லூரிப் படிப்புக்காக எங்கள் வீட்டில் தங்கியிருந்தான். என்ன படிக்கிறாய் என்று யாராவது கேட்டால், "தற்காலிகமா வணிகவியல்" என்பான்.

அவன் செய்துகொண்டிருந்தது மாடுலர் சிந்தசைசர். கடையில் விற்கும் கீபோர்டு வேறு. அதில் ஒரு பொத்தானை அமுக்கினால் வயலின், இன்னொன்றை அமுக்கினால் புல்லாங்குழல் என்று எல்லாவற்றையும் சமைத்துத் தட்டில் வைத்துக் கொடுத்துவிடுவார்கள். இதில் எல்லாவற்றையும் தனித்தனித் தொகுதிகளாக நாமே செய்துகொள்ள வேண்டும். ஒரு தொகுதி கத்தும். இன்னொன்று அந்தக் கத்தலை வடிகட்டும். மூன்றாவது, எப்போது கத்த வேண்டும் என்று உத்தரவு போடும். நான்காவது, ஆளாளுக்குக் கத்துவதை ஒன்றாகக் கலந்து வெளியே அனுப்பும். ஒவ்வொன்றின் முகத்திலும் ஓட்டைகள் இருக்கும். எந்த ஓட்டையிலிருந்து எந்த ஓட்டைக்கு வயர் போகிறதோ அதைப் பொறுத்துச் சத்தம் மாறும். யோசித்துப் பார்த்தால் எங்கள் குடும்பமும் இப்படித்தான். வயர் மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

ஆரம்பிப்பது ரொம்பச் சுலபம் என்றான் வோல்ட்டு. பதினான்கு கால் உள்ள ஒரு சிப் வேண்டும். பார்க்கச் செத்துப்போன பூரான் மாதிரி இருக்கும். திருகும் குமிழ் உள்ள ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், ஒரு பேட்டரி. இவற்றைப் பூரானின் சரியான கால்களில் கட்டிவிட்டால் அது பாட ஆரம்பிக்கும். ஒரு சிப்புக்குள் ஆறு தொண்டைகள்.

முதல் சிப் பாடவில்லை. அதைத் தலைகீழாகச் சொருகியிருந்தான். அது ஒரு வார்த்தை பேசாமல் சூடேறி, விரலை வைத்துப் பார்த்தவனைக் கத்த வைத்தது.

"வாழ்த்துகள் மச்சான், சத்தம் வந்துடுச்சு" என்றேன்.

"அனலாக் சத்தம். கம்ப்யூட்டர் கலப்பே இல்லை" என்றான், விரலைச் சப்பிக்கொண்டே.

இரண்டாவது சிப் ஒரு பழைய இயர்போன் வழியாகப் பாடியது. பாடியது என்றால், ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டருக்குள் சிக்கிக்கொண்ட கொசுவின் குரலில். வோல்ட்டு குமிழைத் திருகினான். கொசு மேலே போயிற்று. எதிர்ப்பக்கம் திருகினான். கொசு எருமையாயிற்று. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு கட்டில்மேல் ஏறிக் குதித்தோம். சட்டைப் பையில் போட்டால் காணாமல் போகிற நாலு பாகங்கள், ஒரு நிமிடத்துக்கு முன்பு வரை உலகத்தில் இல்லாத ஒரு சத்தத்தைப் போட்டுக்கொண்டிருந்தன; அதுவும் நாங்கள் சொன்னபடி கேட்டுக்கொண்டு. எங்கள் வீட்டில் நாங்கள் சொன்னதைக் கேட்ட முதல் ஜீவன் அது.

அதன்பிறகு அவனை நிறுத்த முடியவில்லை. தொகுதிகளை அடுக்க ஒரு பெட்டி தேவைப்பட்டது. என் மேசையின் இழுப்பறையை உருவினான். அதிலிருந்த என் காலுறைகள் வீடிழந்தன. முகப்புத் தகடுகளுக்காக ஒரு பழைய அலுமினியத் தட்டை வெட்டினான். வயர்கள், குமிழ்கள், ஓட்டைகள் என்று இழுப்பறை நிரம்ப நிரம்ப, சத்தத்தைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் மட்டும் பாக்கி இருந்தன. ஒரு மாலை நான் வீட்டுக்கு வந்தபோது அவையும் இருந்தன. எங்கிருந்து வந்தன என்று நான் கேட்கவில்லை. கேட்டவள் அம்மா.

"என் பாட்டுப்பெட்டி எங்கடா?"

வோல்ட்டு எழுந்து நின்றான், மரியாதையாக. "அத்தை, அது உயிரோடதான் இருக்கு."

"எங்க?"

"வேற உடம்புல."

அம்மா துணிக்கூடையை மெதுவாகக் கீழே வைத்தாள். எங்கள் வீட்டில் ஆபத்து எப்போதும் மெதுவாகத்தான் வரும்.

சனிக்கிழமை காலைகளில் அம்மா எங்கள் பகுதிச் சமூகக் கூடத்தில் ஐம்பது தாண்டிய பெண்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடத்துகிறாள். பாட்டுப்பெட்டியில் டும் டும் என்று தாளம் ஓடும். அவர்கள் கையைத் தூக்குவார்கள், இறக்குவார்கள், காலை மாற்றுவார்கள், நடுவில் மருமகள்களைப் பற்றிப் பேசுவார்கள். கூடத்தின் பொறுப்பாளருக்கு நாங்கள் வைத்த பெயர் சாவிக்கொத்து. மனிதர் வருவதற்கு முன்பே அவர் இடுப்புச் சத்தம் வந்துவிடும். வகுப்பில் ஆள் குறைந்துகொண்டே வருகிறது, அதே நேரத்தைக் கராத்தே மாஸ்டர் கேட்கிறார் என்றும், இந்தச் சனிக்கிழமை தானே வந்து பார்க்கப்போவதாகவும் பாதியில் எழுந்து போகிறவர்கள் இருந்தால் அடுத்த வாரத்திலிருந்து கராத்தேதான் என்றும் சாவிக்கொத்து அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

"வாரம் பூரா உங்க எல்லாருக்கும் நான் ஆடறேன்" என்றாள் அம்மா. "அந்த ஒரு மணி நேரம்தான் மத்தவங்க எனக்கு ஆடறாங்க. அதையும் பிரிச்சுப் போட்டுட்டியேடா."

வோல்ட்டு வாயிலிருந்த கம்பியை, யாரும் சொல்லாமலே, எடுத்துக் கீழே வைத்தான்.

"போன்ல பாட்டு போட்டுக்கலாமேம்மா" என்றேன்.

"போன் சத்தம் முதல் வரிசை வரைக்கும்தான் போகும். பின்வரிசை கேக்கலைன்னு சொல்லி உக்காந்துடும். கேட்டாலும் கேக்கலைன்னுதான் சொல்லும், எனக்குத் தெரியாதா?"

பாட்டுப்பெட்டியில் போனைச் சொருகும் ஓட்டை ஒன்று இருந்தது. அதையும் பெயர்த்தெடுத்து வேறு பதவியில் அமர்த்தியிருந்தான்.

"நீ பிரிச்சே. நீயே வாசி" என்று அம்மா தீர்ப்பு சொன்னாள். "டும் டும்னு சீரா வரணும். நாலு நாலா."

வோல்ட்டின் முகம் வாடியது. பாட்டுப்பெட்டியைப் பிரித்தபோதுகூட அவன் அவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டான். "சீரா வர்றது இசை இல்லை அத்தை. சுவர்க்கடிகாரம்."

"அப்ப சுவர்க்கடிகாரத்தைச் செய்."

"நாலு நாலா எண்ணிட்டு, கையைத் தூக்கி, கையை இறக்கி... கோவிச்சுக்காதீங்க, அதெல்லாம் சாவி கொடுத்த பொம்மை செய்ற வேலை."

"பொம்மை என் பெட்டியைப் பிரிக்காது."

இப்படியாக, எண்ணிக்கையின் பரம எதிரி தாளத் தொகுதி ஒன்றைச் செய்ய உட்கார்ந்தான். கொள்கையை விட்டுக்கொடுக்காமல் எப்படிச் செய்வது என்பதற்கும் வழி கண்டுபிடித்தான்: இயந்திரம் எண்ணும், அவன் எண்ண மாட்டான்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்க அவன் ஒரு தந்திரம் வைத்திருந்தான். ஒரு குட்டி சிவப்பு விளக்கு. அதற்கு நேர் எதிரே, சட்டைப் பொத்தான் அளவில், வெளிச்சத்தை உணரும் ஒரு பாகம். விளக்கு பிரகாசமாக எரிந்தால் அந்தப் பொத்தான் மின்சாரத்துக்குத் தாராளமாக வழிவிடும், தாளம் ஓடும். விளக்கு மங்கினால் பொத்தான் கஞ்சனாகிவிடும், தாளம் நடக்கும். விளக்கை மங்கவைக்க ஒரு குமிழ். இதைச் செய்கிறவர்கள் கடைசியில் விளக்கையும் பொத்தானையும் சேர்த்துக் கறுப்பு டேப்பால் இறுக்கிச் சுற்றிவிடுவார்கள். நான் டேப்பை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"வேண்டாம்" என்றான். முகப்புத் தகட்டில் ஒரு ஜன்னல் வெட்டி, அதன் பின்னால் விளக்கும் பொத்தானும் தெரிகிற மாதிரி வைத்திருந்தான். "அது துடிக்கிறதை ஜனங்க பாக்கணும் மச்சான். இதயத்துக்குப் போய் யாராவது கோணிப்பை போடுவாங்களா?"

"எல்லாருக்கும் தோல் போட்டுத்தானே விட்டிருக்கு."

"அதனாலதான் யாரும் யாரையும் புரிஞ்சுக்கிறதில்லை."

இதற்குமேல் டேப்பைப் பற்றிப் பேசினால் நான் மனித குலத்துக்கு எதிரி என்றாகிவிடும். மடக்கி வைத்துவிட்டேன்.

எங்கள் அறையின் ஜன்னல் திரை எப்போதும் மூடியே இருக்கும். திறந்தால் அறை தெரிந்துவிடும். அந்த அரை இருட்டில் தாளத் தொகுதி பொன்னாக வேலை செய்தது. டும், டும், டும், டும். தகட்டின் ஜன்னலுக்குள் சிவப்பு விளக்கு அழகாக மினுக்கியது. அம்மா வந்து கேட்டாள். இரண்டு தடவை கையைத் தூக்கி இறக்கிப் பார்த்தாள். "ம்" என்றாள். அம்மாவிடம் "ம்" வாங்குவது பல்கலைக்கழகப் பதக்கம் வாங்குவதைவிடக் கஷ்டம்.

சனிக்கிழமை காலை இழுப்பறையை நானும் அவனும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தெருவில் தூக்கிக்கொண்டு போனோம். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். உள்ளிருந்து அவ்வளவு வயர் தொங்கியது.

கூடத்தின் ஒரு சுவர் முழுக்க உயரமான ஜன்னல்கள். மேசையை எங்கே போடலாம் என்று வோல்ட்டு சுற்றிச் சுற்றிப் பார்த்து, எல்லோருக்கும் நன்றாகத் தெரியட்டும் என்று நட்டநடு ஜன்னலுக்கு நேராகப் போட்டான்.

பெண்கள் வரிசையாக நின்றார்கள். முதல் வரிசையில் தையல்காரம்மாவும், பெரிய மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நர்சம்மாவும். கதவருகே சாவிக்கொத்து, கையைக் கட்டிக்கொண்டு. வெளியே மேகமூட்டம். அம்மா தலையசைத்தாள். வோல்ட்டு பேட்டரியை இணைத்தான்.

டும், டும், டும், டும்.

"என்னம்மா இது, புதுசா இருக்கு" என்றாள் தையல்காரம்மா. "வயித்துக்குள்ளயே தட்டுது!"

கைகள் மேலே போயின, கீழே வந்தன. வோல்ட்டு என் காதருகே, "பொம்மைங்க" என்றான் இரக்கத்தோடு. எல்லாம் கொஞ்ச நேரம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு மேகம் விலகியது.

வெயில் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, கூடத்தைத் தாண்டி, மேசைமேல் ஏறி, இழுப்பறையில் விழுந்தது. டும், டும் என்பது டும்டும்டும் ஆயிற்று. அடுத்த நொடி டுடுடுடுடுடு. அம்மா சமாளித்தாள்.

"இப்போ வேகப் பயிற்சி! கையை... கையை... இன்னும் வேகமா!"

"டீச்சர், இது பயிற்சியா தண்டனையா?" என்று கத்தினாள் நர்சம்மா, இரண்டு கையும் மின்விசிறியாகச் சுழல.

வோல்ட்டு குமிழைத் திருகினான். ஒன்றும் ஆகவில்லை. முழுக்கத் திருகினான். சிவப்பு விளக்கே அணைந்துபோயிற்று; தாளம் மட்டும் தலைதெறிக்க ஓடியது.

"விளக்கே இல்லாம ஓடுதுடா" என்றேன்.

"சுதந்திரம்" என்றான். ஆனால் குரலில் சுரத்து இல்லை.

"டேய், சுதந்திரத்தை நிறுத்துடா!" என்றாள் அம்மா, குதித்துக்கொண்டே.

பின்வரிசையில் இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். இன்னொரு அம்மா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "எனக்கு வீட்டுல வேலை இருக்கு டீச்சர்" என்று கதவை நோக்கி நடந்தாள். சாவிக்கொத்து அவளுக்கு வழிவிட்டு நகர்ந்தார், கொஞ்சம் அதிகமான பணிவோடு.

அம்மா வோல்ட்டைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவனுக்குப் பழக்கம்தான். இது வேறு மாதிரி இருந்தது. நீட்டிய கை நீட்டியபடி, யாருக்கும் தெரியாமல் உதவி கேட்கிற பார்வை.

அவன் பேட்டரி வயரைப் பிடுங்குவதற்காக இழுப்பறைமேல் குனிந்தான். குனிந்ததும் தாளம் சோர்ந்தது. டும்... டும்... டும். நிமிர்ந்தான். டுடுடுடு. குனிந்தான். டும்... டும். கொத்துவதா வேண்டாமா என்று யோசிக்கிற கோழி மாதிரி நாலைந்து தடவை குனிந்து நிமிர்ந்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"வெயில்" என்றான். "மச்சான், வெயில் உள்ள போகுது."

நான் டேப் சுற்றுவது போல விரலைக் காற்றில் சுற்றிக் காட்டினேன்.

"டேப் எங்க?"

"வீட்டுல. மனித குலத்தோட இருக்கு."

கைப்பைக்காரம்மா கதவை எட்டிவிட்டாள். வோல்ட்டு சட்டென்று உள்ளங்கையைக் குவித்து தகட்டு ஜன்னலுக்குமேல் குடை மாதிரி பிடித்தான். தாளம் இறங்கியது. அதிகமாக இறங்கியது. கையை உயர்த்தினான், ஏறியது. ஒரு விரல் உயரம் கூடினால் ஓட்டம், குறைந்தால் தூக்கம்.

"அங்கயே வை! ஆடாதே!" என்று அம்மா கத்தினாள். "ஆடுதுடா! எண்ணு!"

"அத்தை, என் கொள்கை..."

"கராத்தே வந்துடும்டா!"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். உதடு மட்டும் அசைந்தது. கை ஓரிடத்தில் நின்றது. டும், டும், டும், டும். அம்மாவின் தோள் அந்தத் தாளத்தில் போய் உட்கார்ந்தது. அவளுக்குப் பின்னால் ஒவ்வொரு தோளாக உட்கார்ந்தது. கைப்பைக்காரம்மா கதவில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அந்தப் பையன் கையால என்ன பண்றான்?"

"தாளத்தைக் கையில பிடிச்சிருக்கான்" என்றாள் தையல்காரம்மா, அது தினமும் நடக்கிற விஷயம் என்பது போல. "இங்க பாரு." அவள் தன் நீளக் கையை வெயிலில் நீட்டி மேசைப் பக்கம் வீசினாள். நிழல் தகட்டு ஜன்னலைக் கடந்தது. தாளம் ஒரு நொடி தடுக்கி விழுந்து எழுந்தது. ஒரு சிரிப்பு வெடித்தது.

அதற்கப்புறம் யாருக்கும் கட்டுப்பாடு இல்லை. வோல்ட்டு கையை ஏற்றினால் இருபது கால்கள் தடதடவென்று ஓடின. இறக்கினால் இருபது கைகள் வெண்ணெயில் முங்கினாற்போல நீந்தின. "இறக்கு தம்பி, முட்டி கழண்டுடும்!" என்றது ஒரு குரல். "தூக்குப்பா, இப்பதான் சூடு பிடிக்குது!" என்றது இன்னொன்று. முதல் வரிசை நிழல் வீசித் தாளத்தைக் குலைக்கும், பின்வரிசை திட்டும், அம்மா "இடம் மாறு!" என்பாள், வரிசைகள் இடம் மாறி, பின்வரிசை வந்து நிழல் வீசும். நடுவில் ஒரு மேகம் வந்தது. தாளம் அப்படியே தொய்ந்துபோக, கூடம் முழுக்க ஒரே குரலில் "ஆ..." என்று முனகி, கைகளைப் பாதி வழியில் நிறுத்திக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துக் காத்திருந்தது. வெயில் திரும்பியதும் போட்ட கூச்சலில் தெருநாய் ஒன்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

கைப்பைக்காரம்மா பையைத் தோளில் மாட்டியபடியே குதித்துக்கொண்டிருந்தாள். உள்ளே சில்லறை குலுங்குவது போல ஒரு சத்தம், டும்முக்கு டும் சரியாக விழுந்தது. அது அவள் பையிலிருந்து வரவில்லை. கதவருகே சாவிக்கொத்தின் இடுப்பு, உரிமையாளரின் அனுமதி இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தது.

மணி தாண்டியும் யாரும் நிறுத்தவில்லை. கடைசியில் பேட்டரிதான் முதலில் களைத்தது.

"சனிக்கிழமை காலை உங்களுக்குத்தான் டீச்சர்" என்றார் சாவிக்கொத்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு. தான் ஏன் வியர்த்திருக்கிறோம் என்பதற்கு அவர் விளக்கம் தரவில்லை. "கராத்தேயைச் சாயங்காலத்துக்கு மாத்திக்கறேன். ஆனா அந்தக் கைக்காரப் பையன் வரணும்."

"வருவான்" என்றாள் அம்மா. வோல்ட்டின் தலையில் வலிக்கிற மாதிரி ஒரு தட்டு தட்டினாள். மூச்சு வாங்கிக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, அவள் சிரித்த சிரிப்பை நான் வீட்டில் பார்த்ததே இல்லை.

திரும்பி வரும்போது வோல்ட்டு இழுப்பறையின் தன் பக்கத்தை உயரமாகத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

"ஒரு விஷயம் தெளிவா இருக்கட்டும் மச்சான். நான் எண்ணலை."

"உதடு அசைஞ்சுதே."

"அவங்க எண்ணினாங்க. நான் வெயிலை நிர்வாகம் பண்ணினேன். அதுக்கும் பொம்மை வேலைக்கும் சம்பந்தமே இல்லை."

"சரி."

"எண்ணறது முட்டைக்குத்தான்."

"சரிடா."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அம்மா அவனைச் சாப்பிடக் கூப்பிடச் சொன்னாள். நான் அறைக் கதவைத் தள்ளினேன். அவன் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். எதிரே இழுப்பறை. பேட்டரியைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தான். ஒரு சத்தமும் இல்லை. உள்ளங்கையைக் குவித்து, மெல்ல உயர்த்தினான், மெல்ல இறக்கினான்.

"ஒண்ணு" என்றான் ரகசியமாக. "ரெண்டு. மூணு. நாலு."

கை கொஞ்சம் முந்திவிட்டது போலிருக்கிறது. தலையை ஆட்டி உச்சுக்கொட்டிவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தான்.